சீசன் வீட்டுக் கம்ப்யூட்டர்

குற்றாலத்தில் சாரல் தொடங்கி ஒன்பதாம் நாள் முத்துவடிவின் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. அன்று சனிக்கிழமை. மாடியில் நான்கு அறைகளும் நிறைந்து, ஐந்தாவதாக ஒரு குடும்பம் வாசலில் நின்று ஞானசம்பந்தத்திடம் கெஞ்சிக்கொண்டிருந்தது. கீழே, சமையலறையை ஒட்டிய சின்ன அறையில், முத்துவடிவு ஒரு நோயாளியின் குறிப்பைத் திறக்கச் சொடுக்கிவிட்டு, எழுந்துபோய் அடுப்பிலிருந்த பாலை இறக்கி, ஆற்றிக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தாள். குறிப்பு இன்னும் திறந்தபாடில்லை.

அவள் பார்ப்பது மெடிக்கல் கோடிங் வேலை. அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊரில் ஒருவர் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டர் எழுதிய குறிப்பு முழுவதும் இங்கே இவள் திரைக்கு வந்துவிடும். ஒவ்வொரு நோய்க்கும் ஒரு எண் உண்டு. குறிப்பைப் படித்துச் சரியான எண்ணைப் போட வேண்டும். டாக்டர் எழுதாததை நாமாக ஊகித்துப் போடக்கூடாது என்பது அந்த வேலையின் முதல் விதி. ஏழு வருடமாக அதோடு பழகியதில், வீட்டுக் காரியங்களிலும் அது அவளிடம் ஒட்டிக்கொண்டது. யாராவது ‘இதாத்தான் இருக்கும்’ என்று சொன்னால், ‘எங்கன எழுதியிருக்கு?’ என்று கேட்பாள்.

கணவன் ஞானசம்பந்தம் நேர் எதிர். செங்கோட்டை மார்க்கெட்டில் மிளகும் ஏலக்காயும் கமிஷனுக்கு வாங்கி விற்கிறவன். நாலு பேரிடம் விசாரித்து, நாலு பேர் சொன்னதையும் செய்துவிடுவான். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை மார்க்கெட்டுக்குப் பாதி நாள் விடுமுறை விட்டுவிட்டு மாடி அறைகளைச் சீசனுக்கு வாடகைக்கு விடுவான். ஐந்தருவி போகும் சாலையில் வீடு என்பதால் ஆளுக்குப் பஞ்சமில்லை. வாசல் பலகையில் ‘வெந்நீர் உண்டு, வைஃபை இலவசம்’ என்று பெயின்டில் எழுதி வைத்திருந்தான்.

முத்துவடிவு கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டாள். திரையின் வலது மூலையில் இரண்டு சின்னப் படங்கள் வந்து நின்றன. ஒன்று பச்சைக் கேடயம், இன்னொன்று சிவப்புக் குடை. இரண்டும் ஆன்டிவைரஸ். கேடயத்தை மே மாதம் ஞானசம்பந்தம் தென்காசியில் பெட்டியாக வாங்கி வந்து போட்டது அவளுக்குத் தெரியும். குடை புதுசு.

“என்னங்க, இது எப்ப வந்தது?”

வாசல் குடும்பத்தைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்த ஞானசம்பந்தம் துண்டால் தலையைத் துவட்டியபடி எட்டிப் பார்த்தான்.

“அதா? போன வாரம் மூணாம் நம்பர் ரூம்ல மதுரைக்காரர் ஒருத்தர் இருந்தாருல்லா, அவரு சொன்னாரு. இது ஃப்ரீயாம். ஒண்ணுக்கு ரெண்டா இருக்கட்டும்னு போட்டேன்.”

“ரெண்டும் சேந்து ஒவ்வொரு ஃபைலையும் நீ பாக்கியா நான் பாக்கேனான்னு பிடிச்சு இழுக்குது. அதான் நான் திறக்கது திறக்க மாட்டேங்குது.”

“காவலுக்கு ரெண்டு ஆளு இருந்தா நல்லதுதானட்டி?”

“எங்கன எழுதியிருக்கு?”

ஞானசம்பந்தம் துண்டை உதறினான்.

மத்தியானம் சென்னை ஆபீசிலிருந்து ஒரு மெயில் வந்தது. சொந்தக் கம்ப்யூட்டரில் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் எல்லோருக்கும் பாதுகாப்புச் சோதனை. முத்துவடிவின் முறை வியாழக்கிழமை காலை பதினொரு மணி. வீடியோவில் ஒருவர் வந்து பார்ப்பார். இயங்கிக்கொண்டிருக்கும் ஆன்டிவைரஸ் ஒன்று வேண்டும். வெளியிலிருந்து கண்டதும் உள்ளே நுழையாமல் தடுக்கும் ஃபயர்வால் போட்டிருக்க வேண்டும். வெளியாட்கள் யாரும் அதே வைஃபையில் இருக்கக்கூடாது. வேலைக்கென்று தனிக் கணக்கு வேண்டும். முக்கியமான ஃபைல்களுக்கு நகல் வேண்டும். கடைசி ஏழு நாளில் ஏதாவது அசம்பாவிதம் நடந்திருந்தால் கேட்காமலே சொல்ல வேண்டும். தேறாதவர்கள் ஆபீசுக்கு வந்து வேலை பார்க்கலாம் என்று முடிந்திருந்தது மெயில். ஆபீஸ் இருப்பது சென்னையில். அவளை டீம் லீடாகப் போடுவது பற்றிப் போன மாதம்தான் பேச்சு வந்திருந்தது.

பட்டியலை வைத்துக்கொண்டு அவள் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். ஃபயர்வால் அணைந்து கிடந்தது. படிக்கட்டில் கேமரா வைக்க வந்த ஆள், அவனுடைய சாஃப்ட்வேர் ஓடவில்லை என்று அணைத்துவிட்டுப் போயிருக்கிறான். அதோடு, செங்கோட்டையில் இருந்துகொண்டே ஞானசம்பந்தம் போனில் படிக்கட்டைப் பார்க்க வேண்டும் என்பதற்காக, வைஃபை பெட்டியில் வெளியிலிருந்து உள்ளே வர ஒரு வழியையும் திறந்து வைத்திருக்கிறான். வைஃபை பாஸ்வேர்டு நான்கு அறைச் சுவரிலும் ஒட்டியிருந்தது. அதே வைஃபையில்தான் அவளும் நோயாளிகளின் குறிப்புகளைத் திறக்கிறாள். போதாக்குறைக்கு, ரயில் டிக்கெட்டை பிரின்ட் எடுக்க வேண்டும் என்று வருகிறவர்கள் பென் டிரைவை நேராக அவள் கம்ப்யூட்டரில் சொருகுவார்கள். ஒன்றும் ஆகாமல் இத்தனை நாள் தப்பித்ததே பெரிது என்று தோன்றியது.

பயம் ஒன்றும் வரவில்லை அவளுக்கு. வேலையில் நாற்பது பக்கக் குறிப்பு வந்தால் எப்படி ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு முதல் வரியில் உட்காருவாளோ, அப்படி உட்கார்ந்தாள்.

“இத நான் பாத்துக்கிடுதேன். வியாழக்கிழமை வரைக்கும் நீங்க யாருகிட்டயும் யோசனை கேக்க வேண்டாம்” என்றாள்.

“நம்ம ஆதம்கிட்ட கூடவா?”

“அவருகிட்ட நான் போறேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறி அவள் தென்காசிக்குப் போனாள். ஆதம் ஞானசம்பந்தத்தோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். கூலக்கடை பஜாரை அடுத்த தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். கடைக்குள் ஆன்டிவைரஸ் பெட்டிகள் பிஸ்கட் பாக்கெட் மாதிரி வரிசையாக அடுக்கியிருந்தன.

“வாங்க தங்கச்சி. சம்பந்தம் வரலியா?”

“ரூமுக்கு ஆளு வந்துக்கிட்டே இருக்கு அண்ணே. நான் மூணு கேள்வி கேக்கணும். மே மாசம் அவங்க உங்ககிட்ட வாங்குன பெட்டி இருக்குல்லா, அது செய்யுத எதை விண்டோஸ்லயே இருக்க ஆன்டிவைரஸ் செய்யாது?”

ஆதம் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலும்.

“பெட்டி விக்கது என் பொழப்பு. ஆனாலும் கேட்டுட்டீங்க, சொல்லுதேன். வைரஸ் பிடிக்க வேலைய ரெண்டும் நல்லாத்தான் செய்யும். பெட்டில கூடுதலா சிலது வரும். போலி வெப்சைட்டத் தடுக்கும், வீட்ல இருக்க போனுக்கும் சேத்துப் போடலாம், ஏதாவதுன்னா கூப்பிட்டுக் கேக்க ஒரு நம்பர் இருக்கும். பல பேரு கை வைக்க கம்ப்யூட்டருக்கு அது தோது.”

“சரி. ரெண்டாவது. விண்டோஸ்ல இருக்கதே போதும்னா, அதுக்கு நான் என்ன செய்யணும்?”

“அப்டேட் வந்தா தள்ளிப் போடாமப் போட்டுறணும். அத அணைக்காம வைக்கணும். ஓசில கிடைக்குன்னு கண்டதையும் இறக்கக்கூடாது. அவ்வளவுதான். நிறைய பேருக்கு இந்த மூணும்தான் முடியாது.”

“மூணாவது. ஃபயர்வால அணைச்சாத்தான் கேமரா ஓடும்னு கேமராக்காரரு சொல்லியிருக்காரு. உண்மையா?”

“சோம்பேறித்தனம்” என்றார் ஆதம். “யாரையோ ஒருத்தர உள்ள விடணும்னா அவரு பேரு சொல்லி விடலாம்லா? அந்த சாஃப்ட்வேருக்கு மட்டும் அனுமதி குடுத்தாப் போதும். கதவையே கழட்டி வைக்க வேண்டியதில்ல. வெளியிருந்து பாக்கதுக்கும் கேமரா கம்பெனி ஆப் இருக்கு. அந்த வழிய அடைச்சிருங்க.”

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் சாரல் தெறித்துக்கொண்டிருந்தது. முத்துவடிவு ஈரம் படாமல் கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு யோசித்தாள். பெட்டி நல்லதுதான். ஆனால் அந்தப் பச்சைக் கேடயம் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது சொல்லும். கம்ப்யூட்டரைச் சுத்தப்படுத்தட்டுமா, இன்னொரு திட்டத்துக்கு மாறுகிறீர்களா, சலுகை இன்றோடு முடிகிறது. ஞானசம்பந்தம் அதைப் படிக்காமலே மூலையில் இருக்கும் பெருக்கல் குறியைத் தட்டி மூடப் பழகிவிட்டான். அவளும்தான். நிஜமான எச்சரிக்கை ஒருநாள் வந்தாலும் அதே வேகத்தில் மூடிவிடுவார்கள். எப்போதாவது பேசுகிற காவல்தான் இந்த வீட்டுக்குச் சரி என்று பஸ் மேலகரத்தில் நிற்கும்போதே முடிவு செய்துவிட்டாள்.

திங்கட்கிழமை ஒருநாள் லீவு போட்டாள். குடையை முதலில் நீக்கினாள். பிறகு கேடயத்தை. பணம் கட்டியது வீணாகக் கூடாது என்று, மீதமிருந்த பத்து மாத உரிமத்தை ஆலங்குளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கொழுந்தன் மாடக்கண்ணுவின் கம்ப்யூட்டருக்குப் போனிலேயே சொல்லிச் சொல்லி மாற்றிக் கொடுத்தாள். ஊரில் உள்ள பென் டிரைவ் எல்லாம் வந்துபோகிற இடம் அது. அங்கே அந்தக் கூடுதல் காவல் வேண்டும்தான்.

இரண்டும் போனதும் விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸ் தானாக விழித்துக்கொண்டது. அப்டேட்டுகளைப் போட்டாள். ஃபயர்வாலைப் போட்டாள். கேமரா சாஃப்ட்வேர் அனுமதி கேட்டபோது அதற்கு மட்டும் கொடுத்தாள். வைஃபை பெட்டியில் திறந்திருந்த வழியை அடைத்து, பெட்டிக்கே உரிய பாஸ்வேர்டையும் மாற்றினாள். வாங்கிய நாளிலிருந்து அது ‘அட்மின்’ என்றே இருந்தது. விருந்தாளிகளுக்கென்று தனியாக இன்னொரு வைஃபையை அதே பெட்டியில் உருவாக்கினாள். மாடிச் சுவர்களில் புதிய தாளை ஒட்டிவிட்டு இறங்கி வந்தபோது, கம்ப்யூட்டர் முன்னால் ஞானசம்பந்தம் நின்றுகொண்டிருந்தான்.

“இது என்ன, உள்ள போனா ரெண்டு பேரு காட்டுது? வடிவு, சம்பந்தம்னு?”

“வேலைக்குத் தனியா வேணும்னு கேக்காங்க. அது என்னோடது. இது உங்களுக்கு. ரூம் புக்கிங், மெயில் எல்லாம் இதுல பாருங்க.”

அவன் தன் பெயரைத் தட்டி உள்ளே போனான். பழக்கத்தில், பிரின்டருக்கு எதையோ நிறுவப் போனான். திரை மங்கி, நடுவில் ஒரு கட்டம் வந்து பாஸ்வேர்டு கேட்டது.

“என்ன போடணும்?”

“அது என்கிட்ட இருக்கு. புதுசா ஏதாவது போடணும்னா என்னைக் கூப்பிடுங்க.”

ஞானசம்பந்தம் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

“இந்தக் கம்ப்யூட்டர் வாங்கிட்டு வந்தது நானு.”

“தெரியும்.”

“வைரஸையும் என்னையும் ஒண்ணா நிறுத்திட்டியே வடிவு.”

கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் ஏதாவது சொல்லியிருப்பாள். அவன் குரல் தாழ்ந்திருந்தது. ஆனாலும் அவள் பாஸ்வேர்டைச் சொல்லவில்லை.

“உங்கள நம்பாம இல்லங்க. கேக்கது யாருன்னு பாக்காம நீங்க சரின்னு சொல்லிருவீங்க. அந்தக் குணத்தாலதான் நம்ம ரூம் நிறையுது. கம்ப்யூட்டருக்கு மட்டும் அது ஆகாது.”

அவன் மாடிக்கு ஏறிப்போனான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்தபோது கூட்டு நன்றாக இருக்கிறது என்றான். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமையும் அப்படியே போயிற்று. கம்ப்யூட்டர் மட்டும் ஓடுகிற ஓட்டத்தில் அவள் இரண்டு நாள் வேலையை ஒரே நாளில் முடித்தாள்.

புதன்கிழமை மாலை நாலரை மணி. முத்துவடிவு பின்கட்டில் மூன்று நாளாகக் காயாத படுக்கை விரிப்புகளை ஃபேன் காற்றில் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். சின்ன அறையிலிருந்து ஞானசம்பந்தம் உரக்கப் பேசும் சத்தம் கேட்டது. உள்ளே யாருமில்லை. தனியாகத்தான் பேசிக்கொண்டிருந்தான்.

“மூட்டைப்பூச்சியாம்! என் ரூம்ல மூட்டைப்பூச்சியாம்! எந்தப் பய சொன்னான்?”

பிறகு சத்தம் நின்றது. அடுத்து அவன் குரல் வேறு மாதிரி வந்தது.

“வடிவு. இங்கன கொஞ்சம் வா.”

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனாள். திரையில் மெயில் ஒன்று திறந்திருந்தது. போன வாரம் குடும்பத்தோடு உங்கள் அறையில் தங்கினோம், மூட்டைப்பூச்சி கடித்துக் குழந்தைக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டது, ஃபோட்டோ இணைத்திருக்கிறோம், இன்றைக்குள் பதில் வராவிட்டால் புகார் கொடுப்போம், எல்லா இடத்திலும் எழுதுவோம் என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதன் மேல் அந்த மங்கலும் பாஸ்வேர்டு கட்டமும் நின்றன.

“ஃபோட்டோவத் திறந்தேன். அது பாஸ்வேர்டு கேக்கு. நீ வந்து போட்டேன்னா என்னன்னு பாத்துரலாம்.”

முத்துவடிவு கட்டத்துக்குள் எழுதியிருந்ததைப் படித்தாள். கம்ப்யூட்டரில் மாற்றம் செய்ய ஒரு புரோகிராம் அனுமதி கேட்டது. அதன் பெயர் ஏதோ எழுத்துக் குவியல்.

“ஃபோட்டோ பாக்கதுக்கு எதுக்குங்க பாஸ்வேர்டு?”

ஞானசம்பந்தம் குனிந்து கட்டத்தைப் படித்தான்.

அவள் ‘வேண்டாம்’ என்ற பொத்தானை அழுத்தினாள். நெட் இணைப்பைத் துண்டித்தாள். அடுத்த நொடியே திரையின் மூலையில் ஒரு அறிவிப்பு எழுந்தது. மூன்று நாளில் அந்த ஆன்டிவைரஸ் வாய் திறந்தது அதுதான் முதல் முறை. ஆபத்தான ஃபைல் ஒன்றைப் பிடித்துத் தனியே பூட்டிவிட்டேன் என்றது. அவள் அதை நிதானமாகப் படித்தாள். பிறகு முழுவதும் ஒருமுறை தேடச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். வேறொன்றும் அகப்படவில்லை.

ஞானசம்பந்தம் மேஜை டிராயரிலிருந்து விருந்தாளிகள் கையெழுத்துப் போடும் நோட்டை எடுத்துப் போன வாரப் பக்கங்களை விரல் வைத்துத் தேடினான். மெயிலில் இருந்த பெயரில் யாருமே வந்து தங்கியிருக்கவில்லை.

“யாருன்னு பாக்காமத் திறந்துட்டேன்” என்றான். “ரூம் சுத்தமில்லன்னு சொன்னதும் ரத்தம் தலைக்கேறிட்டு. அந்த ஒரு கட்டம் மட்டும் வரலன்னா…”

“கட்டம் வந்ததும் கூப்பிட்டீங்கள்லா. மூடிட்டுப் பேசாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது.”

அவன் தலையை ஆட்டிக்கொண்டே பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தான். இரண்டு நாளாக இருந்த இறுக்கம் அவன் முகத்தில் தளர்ந்தது. “நாளைக்கு வீடியோல வாறவங்க கேட்டா மட்டும் இதச் சொல்லு. நீயா எடுத்துச் சொல்ல வேண்டாம். உன் வேலைக்கு ஏதும் ஆயிரக்கூடாது” என்றான்.

“கேக்காமலே சொல்லணும்னு எழுதியிருக்குங்க.”

“எழுதத்தான் செய்வான். யாரு சொல்லப் போறா?”

“நான் சொல்லப் போறேன்.”

வியாழக்கிழமை காலை சரியாகப் பதினொரு மணிக்குத் திரையில் வந்தவர் பெயர் உமா மகேஸ்வரி. ஐம்பதை நெருங்கும் வயது, கழுத்தில் ஆபீஸ் அட்டை, சிரிக்காத முகம். ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னார். ஆன்டிவைரஸ். கடைசியாக எப்போது அப்டேட் ஆனது. ஃபயர்வால். யார் யாருக்கு அனுமதி. வைஃபையில் இப்போது எத்தனை கருவிகள். முத்துவடிவு சொல்லச் சொல்லத் திறந்து காட்டினாள். எதற்கும் தேட வேண்டியிருக்கவில்லை.

“கடந்த ஏழு நாள்ல ஏதாவது நடந்துச்சா?” என்று கேட்க அவர் வாயெடுக்கும் முன்னால், “மேடம், நேத்து நாலரை மணிக்கு ஒண்ணு நடந்தது” என்று ஆரம்பித்தாள். மெயில் வந்ததும், திறந்ததும், கட்டம் கேட்டதும், மறுத்ததும், ஆன்டிவைரஸ் பிடித்துப் பூட்டியதும் எல்லாம் சொல்லி, பதிவான பட்டியலையும் திறந்து காட்டினாள். கேமராவுக்குத் தெரியாத இடத்தில், கதவு மறைவில், கையில் டீயோடு நின்ற ஞானசம்பந்தம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

உமா மகேஸ்வரி எதையோ குறித்துக்கொண்டார். நிமிரவே இல்லை.

“நகல் எதுல வச்சிருக்கீங்க?”

முத்துவடிவு ஃபைல்களை நகல் எடுத்து வைத்திருந்த ஹார்டு டிஸ்கை எடுத்துக் காட்டினாள்.

“அதையும் சொருகுங்க. எல்லாத்தையும் சேத்து முழு ஸ்கேன் ஒண்ணு போடுவோம். நான் இருக்கேன்.”

ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆகும் என்றது திரை. உமா மகேஸ்வரி கட் செய்துவிட்டுப் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து வேறு ஏதோ வேலை பார்த்தார். இருபது நிமிடம் கழித்து, தலையை நிமிர்த்தாமலே, “ஐந்தருவில தண்ணி விழுதா?” என்று கேட்டார்.

“அஞ்சுலயும் விழுது மேடம். நேத்து மெயினருவில கூடுதலாகி யாரையும் விடல. இன்னைக்கு விட்டிருக்காங்க.”

“காலேஜ்ல வந்தது. பழைய குற்றாலத்துல ஒரு நாள் முழுக்க நின்னோம். ரெண்டு நாள் காது அடைச்சிருந்தது.” முதல் முறையாகச் சிரித்தார். அப்புறம் பேச்சு தொடர்ந்தது. மங்குஸ்தான் பழம் இப்போது கிடைக்குமா, பார்டர் கடைப் பரோட்டா இன்னும் அதே ருசிதானா, ரயிலில் வந்தால் தென்காசியில் இறங்குவதா செங்கோட்டையில் இறங்குவதா என்றெல்லாம் கேட்டார்.

மணி பன்னிரண்டரையைத் தாண்டியபோது திரையின் மூலையில் அறிவிப்பு எழுந்தது. ஒரு ஆபத்து அகப்பட்டது. இடம், ஹார்டு டிஸ்க்.

“திறந்து காட்டுங்க” என்றார் உமா மகேஸ்வரி. குரல் பழையபடி ஆகியிருந்தது.

முத்துவடிவின் கண் தன்னையறியாமல் கதவுப் பக்கம் போனது. ஞானசம்பந்தம் இரண்டு கையையும் விரித்து, நான் இல்லை என்பதுபோலத் தலையாட்டினான். அவள் விவரத்தைத் திறந்தாள். ஃபைல் இருந்த ஃபோல்டரின் பெயர் ‘வடிவு பழசு’.

ஒரு நொடியில் எல்லாம் நினைவுக்கு வந்தது. எட்டு வருடத்துக்கு முன்னால், கோடிங் படித்த காலத்தில், மருத்துவ அகராதி ஒன்று எல்லோருக்கும் தேவைப்பட்டது. விலை கட்டுப்படியாகவில்லை. கூடப் படித்த ஒருத்தி பூட்டை உடைத்த திருட்டுப் பிரதியைக் கொடுக்க, அவள் வாங்கிப் போட்டுக்கொண்டாள். பூட்டை உடைக்கிற அந்தச் சின்ன புரோகிராம்தான் இது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி ஹார்டு டிஸ்கில் போட்டபோது இதுவும் கூடவே வந்திருக்கிறது. நேற்று தேடியபோது அவள் ஹார்டு டிஸ்கைச் சொருகவே இல்லை. அதில் தப்பாக எதுவும் இருக்காது என்று தானாகவே முடிவு செய்துகொண்டாள். எங்கே எழுதியிருந்தது?

உமா மகேஸ்வரி திரையை நெருங்கி வந்து கேட்டார்.

“இது யாரோடது?”

“என்னோடதுதான் மேடம். படிக்கும்போது நான் போட்ட திருட்டு அகராதி. இருந்ததையே மறந்துட்டேன். நேத்து இந்த டிஸ்கையும் சொருகித் தேடியிருக்கணும். தேடல.”

கதவு மறைவிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஞானசம்பந்தம் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தான். டீ தரையில் சிந்தியது.

உமா மகேஸ்வரி அதையும் குறித்துக்கொண்டார். “அழிச்சிடுங்க. மொத்த ஃபோல்டரையும். அழிச்சிட்டுத் திரும்ப ஒரு ஸ்கேன் போட்டு, சாயங்காலத்துக்குள்ள திரையப் படம் எடுத்து அனுப்புங்க. நேத்து நடந்தத நான் அறிக்கையில எழுதுவேன், நீங்களே சொன்னீங்கங்கிறதையும் எழுதுவேன். ஒரு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பாப்பேன்” என்றார்.

“சரி மேடம்.”

திரை கறுத்ததும் முத்துவடிவு நாற்காலியில் சாய்ந்தாள். ஞானசம்பந்தம் உள்ளே வந்தான்.

“ஊர்ல உள்ளவன் பென் டிரைவ், மதுரைக்காரன் குடை, கேமராக்காரன், எல்லாத்தையும் தேடிப் பிடிச்ச. கடைசில பாத்தா…”

“சிரிச்சு முடிச்சிருங்க.”

அவன் சிரித்து முடித்தான். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவளுக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்து ஓய்ந்த பிறகு அவள் ஃபோல்டரை அழித்தாள். தன் கணக்கையும் அவனுடையது போலவே சாதாரணக் கணக்காக மாற்றினாள். எதையாவது நிறுவுவதற்கென்று மூன்றாவதாக ஒன்றை உருவாக்கி அதற்கு நீளமான பாஸ்வேர்டு வைத்தாள். முதல் பாதியை அவன் தட்டினான், மறு பாதியை அவள் தட்டினாள். அவரவர் பாதியை அவரவர் தாளில் எழுதி வைத்துக்கொண்டார்கள். இனி எது போடுவதென்றாலும் இருவரும் உட்கார்ந்துதான் போட வேண்டும். இரண்டாவது ஸ்கேனில் ஒன்றும் அகப்படவில்லை. ஐந்து மணிக்கு முன்பாகவே படம் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரு மாதம் கழித்து நடந்த இரண்டாவது சோதனையும் முடிந்த பிறகே பதில் வந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், செப்டம்பர் முதல் தேதியிலிருந்து ஏழு பேர் கொண்ட குழுவுக்கு டீம் லீட். அதற்குள் மழை குறைந்து, அருவிகளில் நீர் மெலிந்து, மாடி அறைகளில் மூன்று காலியாகியிருந்தன.

செப்டம்பர் ஒன்றாம் தேதி காலை ஐந்தரைக்கு ஞானசம்பந்தம் ஸ்கூட்டரை எடுத்தான். சீசன் முழுக்க அருவிக்கரையில் குடியிருந்தும் அவர்கள் ஒருநாள்கூடக் குளிக்கப் போகவில்லை. ஐந்தருவியில் பெண்கள் பக்கம் பத்துப் பேர்கூட இல்லை. முத்துவடிவு கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராக விழுகிற இடத்தில் போய் நின்றாள். நீர் முதுகில் அறைந்தது. தோளும் கழுத்தும் இறங்கி லேசாகும்வரை நின்றாள். வெளியே வந்தபோது ஞானசம்பந்தம் தலை துவட்டிக்கொண்டு, யாரோ ஒருவரிடம் அறை காலியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒன்பது மணிக்கு அவள் ஈர முடியை முதுகில் பரப்பிப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். திரையில் ஏழு முகங்கள் காத்திருந்தன. இரண்டு பேருக்கு மைக் வேலை செய்யவில்லை.

“பரவாயில்ல, அவசரமில்ல” என்றாள் முத்துவடிவு. “ஒவ்வொருத்தரா வாங்க.”